நினைவு நழுவும் நேரங்கள்



லுஹர் தொழுதுகொண்டிருக்கும்போது, நிற்பது இரண்டாவது ரக்அத்திலா மூன்றாவதிலா என்ற ஐயம் உங்களுக்கு வந்ததுண்டா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று கதைத்து, கருகிய வாடை வந்த பிறகு குசினிக்கு ஓடியதுண்டா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, சந்தியைக் கடந்தது எப்போது என்றே தெரியாமல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததுண்டா?

'உண்டு' என்றுதான் நம்மில் யாரும் சொல்வோம். தொழுகையில் எண்ணிக்கை மறந்துவிட்டால், குறைந்த எண்ணிக்கையை உறுதியாகக் கொண்டு மீதியைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு செய்து நிறைவேற்றும்படி மார்க்கமே நமக்கு வழிகாட்டியிருக்கிறது. மறதி மனிதரின் இயல்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நான் எழுத வந்தது இந்த மறதியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொன்றைப் பற்றி. அது பல வருடங்களாக என்னோடு இருக்கிறது. அதற்குப் பெயர் உண்டு, அதை அளந்து பார்க்க வழியும் உண்டு. அளப்பதில் ஒரு பெரிய சிக்கலும் உண்டு. கற்பிட்டிக் கரையில் வாழும் ஒரு சாதாரணக் குடும்பப் பெண் நான். என் அனுபவம் உங்களில் ஒருத்திக்கேனும் பயன்பட்டால் அல்ஹம்துலில்லாஹ்.

மறதி வேறு, விலகல் வேறு

எனக்கு வருவது எப்படியென்று முதலில் சொல்கிறேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். திடீரென்று என் கைகள் வேறு யாரோ ஒருத்தியின் கைகள் போலத் தோன்றும். வேலை நடந்துகொண்டிருக்கும், செய்வது நான்தான் என்ற உணர்வு மட்டும் இராது. பிள்ளை "உம்மா" என்று கூப்பிடுவது கேட்கும். கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல் போலக் கேட்கும். எனக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி நிற்பதைப் போல இருக்கும்.

இந்தப் 'போல' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிற்காலத்தில் டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவரும் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். கை உண்மையில் என்னுடையதுதான், கண்ணாடி ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதும் தெரியும். அறிவு கலங்குவதில்லை. உணர்வுதான் விலகி நிற்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. அஸருக்குப் பாங்கு சொன்னது நினைவிருக்கும். அதற்கு அடுத்து நினைவில் இருப்பது, ஆண்கள் இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் சத்தம். நடுவில் நாலு மணித்தியாலம் என் கையில் இல்லை. சோறு ஆக்கியிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறேன், அவர்களோடு கதைத்துமிருக்கிறேன் என்பதை மற்றவர் சொல்லித்தான் அறிவேன்.

பால் பொங்கிய கதையில், "வாசலில் மாமியோடு கதைத்தாயே" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் "ஓம், அதுதான்" என்று நினைவு வந்துவிடும். இங்கே எத்தனை பேர் எடுத்துக் கொடுத்தாலும் வராது. சாதாரண மறதிக்கும் இதற்கும் நான் கண்ட முதல் வித்தியாசம் அதுதான்.

டொக்டர்கள் இதை 'டிஸோஸியேட்டிவ்' வகை நோய் என்கிறார்கள். தமிழில் விலகல் நோய் எனலாம். நினைவு, உணர்வு, உடல், 'நான்' என்ற எண்ணம் ஆகியவை ஒருவரிடம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தாங்க முடியாத ஒன்று நேரும்போது அந்தப் பின்னல் நெகிழ்கிறது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் பியர் ஜானே 1889ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆபத்து வேளையில் மனம் இவ்வாறு விலகி நிற்பது ஒரு வகையில் பாதுகாப்பு. ஆபத்து போன பின்பும் அந்தப் பழக்கம் போகாமல் நின்றுவிட்டால் அது நோயாகிறது.

எங்கிருந்து வந்தது?

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நம்மில் பலருக்கு மறக்க முடியாதது. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அங்கிருந்து பெருந்தொகையானோர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளத்துச் சகோதரர்கள் பள்ளிக்கூடங்களையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் இடம் தந்து சோறும் தந்தார்கள். பிறகு கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி என்று எங்கும் முகாம்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கடற்கரையில் காத்துக் கிடந்ததும், மழையில் நனைந்ததும், உம்மா எங்களை எண்ணி எண்ணிப் பார்த்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அவை எல்லாம் உம்மா சொல்லித் தெரிந்தவை. எனக்கென்று நினைவிருப்பது ஒலிபெருக்கியின் சத்தமும், பின்பு கற்பிட்டியில் யாரோ ஒருவர் கையில் தந்த பணிஸும். நடுவில் ஒன்றுமில்லை.

2013இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து ஏறக்குறைய இருபது வருடங்கள் ஆன பின், புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த வடபுல முஸ்லிம்களில் 450 பேரை நேரில் கண்டு மனநலம் பற்றிக் கேட்டார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்கு ஏதோ ஒரு பொதுவான மனநோய் இருந்தது. அதில் கூடுதலாகக் காணப்பட்டது, உடலில் காரணம் புலப்படாத உடல் நோவுகள்: நூற்றுக்கு 14 பேர். பெரும் மனச்சோர்வு நூற்றுக்கு 5.1 பேருக்கு இருந்தது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் விறைப்பு என்று ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருக்கும் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். விலகல் நோய்க்கென்று அந்தக் கணக்கில் தனி இடம் இல்லை. கேட்கப்படாத ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அகதியாக வந்த எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. என்னோடு ஒரே வள்ளத்தில் வந்த என் ராத்தாவுக்கு இது இல்லை. இடம்பெயராதவர்களுக்கும் இது வரலாம். சின்ன வயதில் அடியும் அச்சமுமாக வளர்ந்தவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

"ஜின் பார்த்திருக்கும்"

மஃரிபு வேளையில் கிணற்றடியில் அசையாமல் நிற்பேன் என்று அயலில் கதை பரவியது. "ஜின் பார்த்திருக்கும்" என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். குர்ஆன் ஓதக் கேட்பதில் மனதுக்கு ஆறுதல் உண்டு. அந்த ஆறுதலை நான் இன்றும் தேடுகிறேன். ஆனால் ஓதலோடு வேறு காரியங்களும் சேர்ந்து வந்தபோது, அதாவது அடித்து விரட்ட வேண்டும், அறையில் பூட்டி வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, பிள்ளைகளின் வாப்பா கையை உயர்த்தி மறித்துவிட்டார். "நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தானே" என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. தன்னை மறந்த நிலை எல்லாவற்றையும் அது நோய் என்று சொல்வதில்லை. வணக்க வழிபாட்டில், ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட முறையில் வரும் நிலைகளை அது நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. விரும்பாமல் வருவது, வாழ்க்கையைக் குலைப்பது ஆகியவையே நோய். துஆவில் கண்ணீர் விட்டுத் தன்னை மறப்பவளும், பிள்ளைக்குப் பாலூட்டியதே நினைவில்லாதவளும் ஒன்றல்ல.

மனநோய் என்றதும் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரை ஏச்சாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய ஆஸ்பத்திரிதான் இன்று தேசிய மனநல நிறுவகம். 2005இல் நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை வந்த பிறகு, மாவட்டங்களின் ஆஸ்பத்திரிகளிலேயே மனநலக் கிளினிக்குகளை வளர்க்கும் முயற்சி நடந்தது. நான் போனதும் அப்படி ஒரு கிளினிக்குக்குத்தான். 2018ஆம் ஆண்டு அது.

இருபத்தெட்டுக் கேள்விகள்

டொக்டர் முதலில் உடலைச் சோதிக்கச் சொன்னார். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவகை வலிப்பு நோயிலும் நினைவு இப்படி அறுந்து போகும். கைகால் இழுக்காமலே அந்த வலிப்பு வரலாம். தலையில் அடிபட்டது, ஒற்றைத் தலைவலி, இரத்தத்தில் சீனி இறங்குவது, பல நாள் நித்திரை இல்லாமை, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இவ்வாறு தோன்றலாம். அவை ஒவ்வொன்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் கேள்வித்தாள் வந்தது.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈவ் பேர்ன்ஸ்டைன், ஃபிராங்க் பட்னம் என்ற இருவர் உருவாக்கிய அளவுகோல் அது. மொத்தம் 28 கேள்விகள். இப்படி உங்களுக்கு நேர்வதுண்டா, நேர்ந்தால் நூற்றுக்கு எத்தனை பங்கு நேரம் என்று ஒவ்வொன்றிலும் கேட்பார்கள். பூச்சியம், பத்து, இருபது என்று நூறு வரை ஒன்றைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 28ஆல் வகுத்தால் வருவது உங்கள் புள்ளி. 30 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டர் ஆழமாக விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு.

கேள்விகளைத் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலாவதே வாகனத்தில் போகும்போது பயணத்தின் ஒரு பகுதி நினைவில்லாமல் போவதைப் பற்றியது. கார் ஓட்டாத எனக்கு அவர் அதைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வரும் வழியாக மாற்றிச் சொன்னார். 'நூற்றுக்கு எத்தனை' என்பது பிடிபடவில்லை. "பத்து நாளில் எத்தனை நாள் என்று நினையுங்கள்" என்றார். அதன் பிறகு இலகுவாயிற்று.

என் கூட்டுத்தொகை 980. வகுத்தால் 35.

சகோதரிகளே, இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். 35 என்றதும் 'நோய் உறுதி' என்று நினைப்பார்கள். அளவுகோல் அப்படிச் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளில் பல, நல்ல சுகமாக இருப்பவர்களுக்கும் நேர்பவை: கதையில் மூழ்கிப்போய்க் கூப்பிட்டது கேட்காமல் இருப்பது, சும்மா வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஒன்றைச் செய்தோமா செய்ய நினைத்தோமா என்று குழம்புவது. டொக்டர்கள் கூர்ந்து பார்ப்பது வேறு சில கேள்விகளை. எப்படி வந்தோம் என்று தெரியாமல் ஓரிடத்தில் நிற்பது, வாங்கிய நினைவே இல்லாத பொருள் தன் பெட்டியில் இருப்பது, தனக்குப் பக்கத்தில் நின்று தன்னையே பார்ப்பது போல இருப்பது, சொந்தக்காரரை அடையாளம் தெரியாமல் போவது, உடல் தன்னுடையதல்ல என்று தோன்றுவது. இப்படிப்பட்ட எட்டுக் கேள்விகளை 1996இல் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். கூட்டுத்தொகையைவிட எந்தக் கேள்விக்கு எண் விழுந்தது என்பது முக்கியம். பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் வேறு மனநோய்களிலும் எண் உயரலாம். ஆகவே தாள் ஒரு வாசற்படி மட்டுமே. உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர் டொக்டர்.

இரண்டு கொப்பிகள்

"அடுத்த கிளினிக் வரும்வரை நாளாந்தம் எழுதி வாருங்கள்" என்றார் டொக்டர். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கினேன். திகதி, எத்தனை மணித்தியாலம் நித்திரை, பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண், வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தேன், அதற்கு முன் என்ன நடந்தது. இவ்வளவுதான். இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் எழுதினேன்.

முதல் மாதம் கொப்பியைப் பார்த்தால் நிறையப் பூச்சியங்கள். எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த வளவில் இருக்கும் ராத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சி, நீ பூச்சியம் போட்டிருக்கிற இந்தச் செவ்வாய்க்கிழமை, நான் மூன்று தரம் கூப்பிட்டும் நீ திரும்பிப் பார்க்கவில்லையே" என்றார்.

விலகல் நோயை அளப்பதில் உள்ள சிக்கல் எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. காய்ச்சல் வந்தால் வெப்பமானி நம் உடலுக்கு வெளியே இருக்கிறது. இந்த நோயில் அளப்பதும் மனம், அளக்கப்படுவதும் அதே மனம். கை என்னுடையதல்ல என்று தோன்றுவதை நான் எழுத முடியும். அப்போது நான் அங்கே இருக்கிறேன். நினைவே அறுந்த நேரத்தை நான் எப்படி எழுதுவேன்? அது நடந்ததென்றே எனக்குத் தெரியாது. என் கணக்கில் மிகவும் நல்ல நாளாகத் தெரிவது, உண்மையில் மிகவும் மோசமான நாளாக இருக்கலாம்.

டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டாவது கொப்பிக்கு இணங்கினார். அதை எழுதுவது யார் என்ற கேள்வி வந்தது. என் மூத்த மகள் தானே எழுதுவதாகச் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் உம்மாவுக்குக் காவல் நிற்பது நியாயமல்ல. அவளுடைய பாடமும் விளையாட்டும் அவளுக்கு இருக்கட்டும். ராத்தா ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: அவர் கண்டதை மட்டும் எழுதுவார், என்ன காரணம் என்று ஊகித்து எழுத மாட்டார். ஒருவர் கொப்பியை மற்றவர் வாரத்தில் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூன்று மாதத்தில் நான் பூச்சியம் போட்ட நாட்களில் பதினொன்றில் ராத்தாவின் கொப்பியில் குறிப்பு இருந்தது. 'கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.' 'என்னை வேறு யாரோ போல நீங்கள் என்று கூப்பிட்டாள்.' 'கிணற்றடியில் அரைமணி நேரம்.' வாசிக்கும்போது நெஞ்சு பதறியது. அந்தக் கிணற்றுக்குக் கட்டு உயரமாக இருக்கவில்லை. பிள்ளைகளின் வாப்பா அடுத்த வாரமே அதை உயர்த்திக் கட்டினார். கொப்பியால் கிடைத்த முதல் பலன் அதுதான்.

ஆறு மாதம் கழித்து அதே 28 கேள்விகளைக் கேட்டார்கள். கூட்டுத்தொகை 1,120. புள்ளி 40. எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் சிரித்தார். "நோய் கூடவில்லை, உங்களுக்குத் தெரிய வந்தது கூடியிருக்கிறது" என்றார். முன்பு பூச்சியம் போட்ட கேள்விகளுக்கு இப்போது ராத்தாவின் கொப்பியை வைத்துப் பதில் சொன்னேன். எண் ஏறியதன் காரணம் அது.

கொப்பி காட்டிய உண்மை

அயலார் மஃரிபு வேளை என்றார்களே, அதையும் கொப்பியில் பார்த்தோம். மஃரிபில் சில வந்திருந்தன. ஆனால் முற்பகலிலும் அதேயளவு வந்திருந்தன. 'அதற்கு முன் என்ன நடந்தது' என்ற நிரலை ராத்தா விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். லொத்தர் சீட்டு விற்கும் வண்டி. கூட்டம் ஒன்றுக்கு அறிவித்துப் போன முச்சக்கர வண்டி. மின்சாரம் தடைப்படும் என்ற அறிவிப்பு. எல்லாம் ஒலிபெருக்கி. எல்லா நாளும் அப்படியல்ல. காரணமே தெரியாதவையும் இருந்தன. ஆயினும் பாதிக்கு மேல் அந்தச் சத்தத்துக்குப் பின் வந்தவை. பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் மட்டும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஊரைவிட்டுப் போகச் சொன்ன குரலும் தொழுகைக்கு வரச் சொல்லும் குரலும் ஒன்றல்ல என்பது என் மனதுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு மே மாதப் பக்கங்களையும் இங்கே சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, நம் மாவட்டத்தில் சிலாபத்தில் கலவரம் தொடங்கியது. மே 13ஆம் திகதி கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். ஊரடங்குச் சட்டம் வந்தது. அந்த வாரங்களில் என் கொப்பியில் ஏழு, எட்டு என்ற எண்கள். அச்சம்தான் காரணம் என்று நான் எண்ணினேன். டொக்டர் நித்திரை நிரலைக் காட்டினார். ரமழான் மாதம், ஸஹருக்கு எழுந்து, பகலில் ஓய்வில்லாமல், நான்கு மணித்தியாலத்துக்குக் குறைவாகவே நித்திரை. இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளியிருக்கின்றன. அச்சத்தை நிறுத்த என்னால் முடியாது. லுஹருக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ள முடியும். அடுத்த ரமழானில் அப்படிச் செய்தேன். அது 2020, கொரோனா அறிவிப்புகள் வீதியில் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருந்த காலம். அப்படியும் எண்கள் ஐந்தைத் தாண்டவில்லை.

அளப்பதற்கும் ஓர் அளவு

எழுதுவது நல்லது என்றதும் நாள் முழுக்க என்னையே கவனிக்கத் தொடங்கிவிடுவேன் என்பதை டொக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். 'இப்போது வருகிறதா? கை என்னுடையதுபோல இருக்கிறதா?' என்று ஓயாமல் சோதித்தால், சோதிப்பதாலேயே உணர்வு விலகும். தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பதுதானே இந்த நோயின் குணம்? அளக்கிறேன் என்று நாமும் அதையே செய்தால் அதற்குத் தீனி போட்டதாகும். எனவே ஒரு நாளைக்கு ஒரே தரம், ஐந்து நிமிடம், கொப்பியை மூடிவைத்தால் மூடியதுதான். வந்தது என்ன, கை செய்தது என்ன, காது கேட்டது என்ன என்று வெளியில் உள்ளதையே எழுதினேன்.

வரும்போது என்ன செய்வது? அளப்பதை விட்டுவிட்டு, இருக்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வுழூச் செய்வேன். நீர் முழங்கையைத் தொடும்போது 'இது என் கை' என்று மெல்லச் சொல்வேன். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்வேன். நம் கற்பிட்டிச் சின்ன வெங்காயம் ஒன்றைக் கையால் நசுக்கி முகர்வேன். அந்தக் காரம் எந்தக் கண்ணாடியையும் ஊடுருவிவிடும். அடுப்பையும் கத்தியையும் உடனே விட்டுவிடுவேன். இவை நோயைத் தீர்ப்பதில்லை. அந்த நேரத்தைக் கடக்க உதவுகின்றன.

விலகல் நோய்க்கென்றே தனியாக ஒரு குளிசை இல்லை. அதோடு கூட வரும் மனச்சோர்வுக்கும் நித்திரையின்மைக்கும் மருந்து தருவார்கள். முக்கியமான வைத்தியம் பேச்சுத்தான்: பயிற்சி பெற்ற ஒருவரிடம், அவசரமில்லாமல், பல மாதங்கள், சிலவேளை வருடங்கள். நான் இன்னும் போகிறேன். கடைசியாகக் கேட்டபோது கூட்டுத்தொகை 560, புள்ளி 20. 30க்குக் கீழே வந்துவிட்டதால் சுகம் என்று நானும் சொல்லவில்லை, டொக்டரும் சொல்லவில்லை. ராத்தாவின் கொப்பியில் கடந்த மாதம் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒருகாலத்தில் வாரத்துக்கு ஐந்து இருந்தன.

நீங்கள் செய்யக் கூடியவை

இதை வாசிக்கும்போது 'என் கதை போல இருக்கிறதே' என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், இவற்றை மனதில் கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள். நித்திரையையும் சாப்பாட்டையும் மறவாமல் குறியுங்கள். நோன்பு நாளில் சீனி இறங்கி வரும் மயக்கத்தை வேறாக எழுதுங்கள்.

உங்கள் மீது இரக்கமுள்ள, வாய் கட்டுப்பாடுள்ள, வயது வந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் பொருட்கள் சாட்சி சொல்லும்: கடைத் துண்டு, தொலைபேசியில் பேசிய பட்டியல், மடித்து வைத்த உடுப்பு. அவற்றையும் குறியுங்கள்.

எண்ணை வைத்து உங்களுக்கு நீங்களே நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். மருமகளுக்கோ நாத்தனாருக்கோ சூட்டவே வேண்டாம். கொப்பியை அப்படியே டொக்டரிடம் கொண்டு போங்கள். ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாததை அது சொல்லும்.

எப்படி வந்தோம் என்று தெரியாத இடத்தில் நின்றாலோ, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யச் சொல்லும் எண்ணம் வந்தாலோ, கைக்குழந்தையோடு இருக்கும்போது நினைவு அறுந்தாலோ, மாத முடிவுவரை காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

ராத்தாமாரே, மாமிமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கூப்பிட்டும் திரும்பாமல் நிற்கிறாள் என்றால், அவள் அகம்பாவம் பிடித்தவள் என்றோ வேறு ஏதோ பிடித்தவள் என்றோ உடனே முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் போய், அவள் பெயரைச் சொல்லி, இன்று என்ன கிழமை, இது யார் வீடு என்று மெல்லச் சொல்லுங்கள். பிறகு அதை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அவளால் எழுத முடியாத வரி அது. உங்கள் கையால்தான் எழுதப்பட வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைவான சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.